நமக்கு அடியில் இரண்டு மீட்டர்

பிரிஸ்பேன்
3 ஜூன் 2019

திரு. கெல்வின் ஹேலோரன் அவர்களுக்கு,

பின்வருவன என் குற்றச்சாட்டுகள். தேதிவாரியாக எண்ணிட்டிருக்கிறேன். பதிலையும் இதே வரிசையில் எதிர்பார்க்கிறேன்.

1. 14 அக்டோபர் 2018. என் மகள் பிரையனி பல்கலைக்கழக ஆய்வைக் கைவிட்டு உங்கள் மீன்பிடி படகில் வேலைக்குச் சேர முடிவெடுத்தாள். அன்றே அதை அறிந்தவர் நீங்கள். பெற்றவன் அறிந்தது பத்து வாரங்கள் கழித்து.

2. 26 டிசம்பர் 2018, காலை. 'டெல்மா ஜாய்' படகில் இருந்த பழைய சோனாரைக் கழற்றிவிட்டு, உங்களுக்கென நான் கொண்டுவந்த புதியதைப் பொருத்தினேன். நீர்மட்டத்திலிருந்து கடல்தரை வரையான உண்மையான ஆழத்தை அது காட்டும்படி ஒவ்வோர் அமைப்பையும் நானே சரிசெய்தேன். இரண்டு மணி நேர வேலை. நன்றிக்குப் பதிலாக நீங்கள் சொன்னது: "இனிமே மீனெல்லாம் டிகிரி வாங்கிட்டுத்தான் தூண்டில்ல மாட்டும்."

3. அதே நாள், மதிய உணவு. மேசையில் இறால் ஓடுகள் குவிந்து கிடக்க, பிரையனி தன் முடிவை அறிவித்தாள். நீங்கள் சிரித்தீர்கள். பாவ்லோவா கேக் வெட்டப்படுமுன் நான் எழுந்து விமான நிலையம் சென்றேன். அவளை உயிருடன் நான் கடைசியாகக் கண்டது அந்த மேசையில்தான்.

4. 9 மார்ச் 2019. பிற்பகலில் தெற்குக் காற்று வலுக்கும் என்று காலை ஐந்து மணி வானிலை அறிக்கை கூறியது. அதைக் கேட்டுவிட்டே புறப்பட்டீர்கள்.

5. அதே நாள், 11.20. கடல் முழுதும் வற்றியிருந்த வேளை. வெளிப்பாறையைச் சுற்றிக்கொண்டு வராமல், ஊசிக்காது என்று நீங்கள் அழைக்கும் பாறையிடுக்கு வழியே படகைச் செலுத்தினீர்கள். அடி மோதியது. படகின் முன்முனையான அணியத்தில், நங்கூரக் கயிற்றருகே நின்றிருந்த என் மகள் கடலில் வீசப்பட்டாள். வயது இருபத்து நான்கு.

6. 12 மார்ச். காவல்துறையிடம், அவளைத் தேடி "ரெண்டு மூணு தடவை முங்கினேன்" என்று வாக்குமூலம் தந்திருக்கிறீர்கள். இரண்டா, மூன்றா? மளிகைக் கடையில் எலுமிச்சை கேட்பவன்கூட எண்ணைத் திட்டமாகச் சொல்வான்.

7. 18 மார்ச், கல்லறைத் தோட்டம். உங்கள் இடப்பக்கம் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "ஏன் சுத்தி வரல?" நீங்கள் கடலைப் பார்த்தபடி நின்றீர்கள். பிறகு என்னைத் திரும்பியும் பாராமல் நடந்துவிட்டீர்கள்.

8. படகிலிருந்து சோனாரை மட்டும் கழற்றிவந்து உங்கள் கொட்டகையில் வைத்திருக்கிறீர்கள். அதன் நினைவக அட்டையில் அன்றைய பயணம் பதிவாகியிருக்கிறது. எனக்கு இது எப்படித் தெரியும் என்பது உங்களுக்கு அவசியமில்லை. அதை நீங்கள் காவல்துறைக்குத் தரவில்லை. எனக்கும் தரவில்லை.

மரண விசாரணை ஆகஸ்ட் 22 அன்று நடக்கும். முப்பது ஆண்டுகள் நீருக்கடியில் ஒலி செல்லும் விதத்தைக் கற்பித்தவன் நான். அந்த அட்டையை என்னால் உங்களைவிட நன்றாகப் படிக்க முடியும். அதற்காகத்தான் அதை மறைக்கிறீர்கள் என்று கருதுகிறேன்.

அட்டை, எழுத்துபூர்வமான பதிலுடன், ஜூன் 17 மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும்.

முனைவர் வாரிக் ஹேலோரன்

*

கர்லூ கோவ், டாஸ்மேனியா
ஜூன் 11

வாஸா,

உறை மேல 'திரு. கெ. ஹேலோரன்'னு பாத்ததும் மீன்வளத் துறைதான் ஏதோ அபராதம் போட்டிருக்கான்னு நினைச்சேன். தபால் ஆபீஸ் நோரீன் கவுண்டர் மேல சாஞ்சு, "கெல், உங்க அண்ணன் கையெழுத்து மாதிரி இருக்கு"ன்னா. "என்ன கையெழுத்து?"ன்னேன். "அய்யோ, இந்தப் பக்கம் வந்து நில்லு, அந்தப் பக்கம் நின்னா உன்கிட்ட பேசறதும் கம்பத்துகிட்ட பேசறதும் ஒண்ணு"ன்னு கத்தினா. ஊர் மொத்தத்துக்கும் கேட்டிருக்கும். போகட்டும்.

நீ கேட்ட வரிசையில எழுத எனக்கு வராது. வந்த வரைக்கும் எழுதறேன்.

ஒண்ணாம் நம்பர், ஆமா. அவ என்கிட்டதான் முதல்ல சொன்னா. "அப்பாகிட்ட நீயே சொல்லு பிரை, நான் சொன்னா அந்தாளு என்னைக் கொன்னுடுவான்"னேன். "கிறிஸ்துமஸ் வரட்டும், வயிறு நிறைஞ்சிருக்கும்போது சொல்றேன்"னா. சிரிச்சது உன்னைப் பாத்து இல்ல. அவ பேச ஆரம்பிக்கும்போது மேசைக்கு அடியில என் காலை ஓங்கி மிதிச்சா. பயம் அவளுக்கு. அதுக்குத்தான் சிரிச்சேன்.

ரெண்டாம் நம்பர். நன்றி. இப்ப சொல்றேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். சாப்பிட்ட பிறகு சொல்லலாம்னு இருந்தேன், நீ கிளம்பிட்ட.

நாலு, அஞ்சு. தப்பு என்னோடது. காத்து சீக்கிரமே திரும்பிடுச்சு, சீக்கிரம் உள்ள வரணும்னு பாத்தேன். சுக்கான் பிடிச்சவன் நான். வேற யாரும் இல்ல. இதை நீதிபதி முன்னாடியும் சொல்லுவேன். லைசென்ஸைப் பிடுங்கட்டும். படகே இல்லாதவனுக்கு லைசென்ஸ் எதுக்கு?

ஆறு. எத்தனை தடவைன்னு நிஜமாவே தெரியாது வாஸா.

எட்டு. அட்டையைத் தரமாட்டேன். கோபப்படு, பரவாயில்ல. உனக்குக் கோபப்பட ஒரு ஆள் வேணும், நான் இருக்கேன். ஆனா அட்டையைக் கேக்காதே.

சாப்பிடறியா?

கெல்

*

பிரிஸ்பேன்
18 ஜூன் 2019

திரு. கெல்வின் ஹேலோரன் அவர்களுக்கு,

11ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. ஏழாம் எண்ணுக்கு அதில் பதிலே இல்லை. கல்லறையருகே கேட்டபோது இருந்த அதே மௌனம் தாளிலும் தொடர்கிறது. என் உணவைப் பற்றிய விசாரணையைத் தவிர்த்திருக்கலாம்.

உங்களுக்காக ஒரு பாடம் எழுதுகிறேன். பிரையனிக்கு இதை அவளுடைய பன்னிரண்டாம் வயதில், அவள் தாய் இறந்த அடுத்த கோடையில், குளியல் தொட்டியில் ஒரு கரண்டியால் தட்டிக்காட்டி விளக்கினேன். அவள் ஒரே தடவையில் புரிந்துகொண்டாள்.

படகின் அடியில் உள்ள ஒலிமுனை ஒரு தட்டல் தட்டுகிறது. ஒலி கீழே போய்த் தரையில் பட்டுத் திரும்புகிறது. போய்வர ஆன நேரமே ஆழம். திரையின் வலது ஓரத்தில் தோன்றும் மெல்லிய கீற்று ஒன்று மட்டுமே இந்த நொடி. அதற்கு இடப்பக்கம் நகர்ந்து செல்வதெல்லாம் கடந்து முடிந்தவை. படகுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதை அந்தக் கருவி ஒருபோதும் காட்டாது. பாறையிடுக்கில் நுழைபவனுக்கு அது தருவது ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணைக் கொண்டு முடிவெடுக்க வேண்டியவன் மனிதன்.

இனி உங்கள் வாக்குமூலம். "டப்பாவுல ரெண்டு புள்ளி ஒண்ணு இருந்துச்சு. ரெண்டுக்கு மேல இருந்துச்சு, அதான் போனேன்." இவை உங்கள் சொற்கள்; டப்பா என்று நீங்கள் சொல்வது சோனாரை.

நீரின் ஆழம் 2.1 மீட்டர். 'டெல்மா ஜாய்' நீருக்குள் அமிழ்ந்திருக்கும் அளவு 1.4 மீட்டர், டிசம்பர் 26 அன்று நானே அளந்தேன். கழித்தால் 0.7. உங்கள் படகுக்கும் பாறைக்கும் இடையே முழங்கால் உயரத்துக்குச் சற்றே மேலான நீர். அன்றைய அலை ஒரு மீட்டர். அலையின் பள்ளத்தில் படகு இறங்கினால் அடி எங்கே போகும் என்பதைப் பள்ளிப் பிள்ளை சொல்லும். முப்பத்தைந்து ஆண்டுகள் கடலில் இருப்பவர் நீங்கள். எழுபது சென்டிமீட்டர் நீரை நம்பி, என் மகளை அணியத்தில் நிறுத்திக்கொண்டு, உள்ளே நுழைந்தீர்கள். இதற்குத் தவறு என்று பெயரில்லை. தவறு செய்பவனுக்கு எண் தெரிந்திருக்காது. உங்களுக்குத் தெரிந்திருந்தது.

அட்டை இங்கே ஜூன் 28 மாலை ஐந்து மணிக்குள் வர வேண்டும். வராவிட்டால், சாட்சியத்தை மறைக்கிறீர்கள் என்று விசாரணை நீதிபதிக்கு எழுதுவேன். எழுதத் தயங்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

வாரிக் ஹேலோரன்

*

கர்லூ கோவ்
ஜூன் 24

வாஸா,

உன் கணக்கு சரி. கழிச்சுப் பாத்தா பூச்சியம் புள்ளி ஏழுதான். எனக்குக் கழிக்கத் தெரியலன்னு வச்சுக்கோ. நீதிபதிகிட்டயும் அப்படியே சொல்றேன். முட்டாப்பய, கழிக்கத் தெரியாம பாறையில ஏத்திட்டான். முடிஞ்சது. அதோட விட்டுடு.

பதிவு பண்ணது உனக்கு எப்படித் தெரியும்னு எழுதல. எனக்குத் தெரியும். அவ உனக்கு மெசேஜ் அனுப்பினா. அனுப்பிட்டு ஃபோனைப் பாத்துக்கிட்டே இருந்தா. ஒரு வாரம். நான் ஒண்ணும் கேக்கல.

அன்னிக்குக் காலையில நடந்ததை எழுதறேன். அட்டைக்குப் பதிலா இதை எடுத்துக்கோ.

ஏழு மணி இருக்கும். எண்பது மீட்டர் ஆழத்துல, மேடு ஒண்ணு இருக்கு, அங்க நின்னோம். திரையில தரையிலேர்ந்து ஒரு பெரிய குவியல், கிறிஸ்துமஸ் மரம் மாதிரி கூம்பா எழும்பி நிக்குது. நான், "ட்ரம்பெட்டர் மீன்தான், தூண்டிலை இறக்கு"ன்னேன். அவ இறக்கல.

"கெல், கை வைக்காதே. நகராம நிறுத்து."

"மீன் போயிடும்டீ."

"போகட்டும். பதிவாகணும். அப்பாவுக்கு."

"உங்கப்பனுக்கு எதுக்கு மீன்?"

"அவருக்கு அலைநீளம் தெரியும், அதிர்வெண் தெரியும். இது என்ன மீன்னு கேட்டா முழிப்பாரு. முதல் தடவையா எனக்குத் தெரிஞ்சு அவருக்குத் தெரியாத ஒண்ணு. இதைக் காட்டித்தான் பேச்சை ஆரம்பிக்கப்போறேன்."

"ஆரம்பிச்சு?"

"அடுத்த வருஷம் ஆய்வை முடிக்கப்போறேன்னு சொல்லுவேன். இந்த மேட்டைப் பத்தியேதான். படகுலேர்ந்தே."

"அதை இப்பவே ஃபோன்ல சொல்லேன், அந்தாளு துள்ளிக் குதிப்பான்."

"ம்ஹூம். முதல்ல அவரு ஒரு தடவை முழிக்கணும்."

அப்புறம் ஒரே சிரிப்பு. அந்தக் குவியல் மேல பத்து நிமிஷம் சும்மாவே நின்னோம். ஒரு மீன்கூடப் பிடிக்கல. நான் திட்டினேன். திட்டியிருக்க வேணாம்.

இதுக்கு மேல அந்த அட்டையில உனக்கு ஒண்ணும் இல்ல வாஸா. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். நான் எதுக்கும் கெஞ்சினவன் இல்லன்னு உனக்குத் தெரியும்.

கெல்

*

பிரிஸ்பேன்
1 ஜூலை 2019

கெல்வின் ஹேலோரனுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அதில் உண்மை எவ்வளவு, என்னைத் தணிப்பதற்கான புனைவு எவ்வளவு என்று பிரித்தறிய எனக்கு வழியில்லை. என்னிடம் சொல்வதற்காக அவள் எதையோ பத்திரப்படுத்தி வைத்திருந்தாள் என்றால், அது என்னுடையது. அதை நீங்கள் வைத்திருக்க உரிமையில்லை.

நீதிபதிக்கான கடிதம் எழுதி, உறையிலிட்டு, தபால்தலையும் ஒட்டியாகிவிட்டது. அட்டையும், அந்தக் கருவி தொடர்பாகச் சுக்கான் அறையில் இருந்த ஒவ்வொரு பொருளும், ஒரு துண்டுத்தாள்கூட விடாமல், ஜூலை 12 மாலை ஐந்து மணிக்குள் இங்கே இருக்க வேண்டும். இதன்பின் உங்களுக்கு நான் எழுதப்போவதில்லை. அந்த உறையைத் தபாலில் சேர்ப்பேன்.

வா. ஹே.

*

கர்லூ கோவ்
ஜூலை 7

வாஸா,

நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேன். நீ நீதிபதிக்கு எழுதினா போலீஸ் வந்து எடுத்துட்டுப் போவான். அப்புறம் ஏதோ ஒரு கோர்ட்டுல, அத்தனை பேருக்கு நடுவுல நின்னு நீ பாக்கணும். அதைவிட உன் வீட்டுலயே பாரு.

ஒரு துண்டுத்தாள்கூட விடாம கேட்ட. விடல. அட்டை வெள்ளை உறையில இருக்கு. இன்னொண்ணு பழுப்பு உறையில இருக்கு, திரைக்குப் பக்கத்துல ஒட்டியிருந்தது. வெள்ளையை முதல்ல பாரு. அதுல முதல் பதிவுக்கு 'அப்பா'ன்னு பேரு வச்சிருக்கா. நான் புனையல. அதைப் பாத்துட்டு நிறுத்திடு. முடிஞ்சா பழுப்பு உறையைப் பிரிக்காமலே குப்பையில போடு. நான் கோவிச்சுக்கமாட்டேன்.

படகைத் தூக்கினப்போ நான் ஏன் சோனாரை மட்டும் கழட்டினேன்னு நோரீன் கேட்டா. "உப்புத்தண்ணி ஏறினா கெட்டுடும்"னேன். மூழ்கின படகுக்கு உப்புத்தண்ணி! அவ தபால்தலையை நக்கி ஒட்டினா. கொட்டகையில பேட்டரி போட்டு உசுப்பினேன். செட்டிங்ஸ்ல மூணாவது பக்கத்துல இருக்கறதைப் பாத்தேன். அன்னிலேர்ந்து யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீ சொல்லச் சொன்னாலும் மாட்டேன்.

தனியா பாக்காதே. பக்கத்துல யாரும் இல்லன்னா எனக்கு ஃபோன் பண்ணு. பேசறது எனக்கு அவ்வளவா கேக்காது, வலது காதுல வச்சுக்கறேன். நீ பேசவேண்டாம். சும்மா பிடிச்சிட்டு இரு.

நம்ம ரெண்டு பேர் கணக்குலயும் தப்பில்ல வாஸா. அதை மட்டும் மறந்துடாதே.

கெல்

*

பிரிஸ்பேன்
16 ஜூலை 2019

கெல்,

பின்வருவன என் குற்றச்சாட்டுகள். தேதிவாரியாக எண்ணிட்டிருக்கிறேன்.

1. 26 டிசம்பர் 2018, காலை. வாரிக் ஹேலோரன் என்பவன் தன் தம்பியின் படகில் புதிய சோனார் ஒன்றைப் பொருத்தினான். பழைய கருவி படகின் அடியிலிருந்து தரை வரையான நீரைக் காட்டிக்கொண்டிருந்தது. கர்லூ கோவ் ஊரில் எல்லாப் படகுகளும் அப்படித்தான். அங்கே யாரும் கடல் எவ்வளவு ஆழம் என்று கேட்பதில்லை. நமக்கு அடியில் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். வாரிக் ஹேலோரனுக்கு அது அறிவியல் பிழையாகத் தோன்றியது. அமைப்பின் மூன்றாம் பக்கத்தில் 1.4 என்ற எண்ணைச் சேர்த்து, கருவியை உண்மை பேச வைத்தான். அந்த நொடி முதல் திரையின் ஒவ்வோர் எண்ணும், அதை நம்பிப் பழகியவனுக்கு, ஒன்று புள்ளி நான்கு மீட்டர் கூடுதலாகத் தெரிந்தது.

2. அதே நாள், மதியம். இதைத் தம்பியிடம் சாப்பாட்டின்போது சொல்லலாம் என்று நினைத்தான். கோபம் வந்தது. சொல்லாமல் எழுந்து போனான்.

3. 27 டிசம்பர் முதல் 9 மார்ச் வரை. எழுபத்து மூன்று நாட்கள். தொலைபேசி ஒன்று, கையெட்டும் தூரத்தில். ஒரு நாள்கூட அதை எடுத்துச் சொல்லவில்லை. எண்பது மீட்டரில் மீன் தேடுபவனுக்கு ஒன்று புள்ளி நான்கு பொருட்டே அல்ல. ஊசிக்காதில் மட்டுமே அது பொருட்டு.

4. 2 மார்ச். மகளிடமிருந்து செய்தி வந்தது: "அப்பா, சோனார் அட்டையில ஒண்ணு பதிவு பண்ணப்போறேன். உங்களுக்குக் காட்டணும்." படித்தான். பதில் அனுப்பவில்லை. தன் மௌனம் அவளுக்கு ஒரு பாடமாக இருக்கட்டும் என்று கருதினான்.

5. 18 மார்ச். தன் மகளின் சவப்பெட்டியைச் சுமக்கத் தம்பியை அனுமதிக்கவில்லை.

6. 3 ஜூன் முதல் 1 ஜூலை வரை. மூன்று கடிதங்கள்.

பழுப்பு உறையை நான் குப்பையில் போடவில்லை. போடமாட்டேன் என்று தெரிந்தே அனுப்பியிருக்கிறாய். அவளுடைய கையெழுத்தை என்னால் தொலைவிலிருந்தே அறிய முடியும். 'ஊ'வின் தலை எப்போதும் வரியைத் தாண்டி மேலே போகும். ஜனவரி மாதத் தேதியிட்டு, ஈரம் படாமல் பசைநாடா ஒட்டி, இப்படி எழுதியிருக்கிறாள்:

"ஊசிக்காது. நமக்கு அடியில் 2 இருந்தால் போ. ஒன்றரை என்றால் திரும்பு. புது டப்பாவுக்கும் இதே கணக்குதான்."

புது டப்பாவுக்கும் இதே கணக்குதான். அவளுக்குத் தொட்டியில் கரண்டியால் தட்டிக்காட்டியவன் நான். ஒலி எங்கிருந்து புறப்படுகிறது என்பதைக் கற்றுத் தந்தேன். ஆழத்தை எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதை நான் மாற்றிவைத்துவிட்டு, அதை அவளுக்குச் சொல்லவில்லை.

உனக்குத் திரையில் இரண்டு புள்ளி ஒன்று தெரிந்தது. நமக்கு அடியில் இரண்டு. நீ விதிப்படி நடந்தாய். எண் தெரிந்தே செய்தாய் என்று உனக்கு எழுதினேன். எண்ணை மாற்றியவன் நான்.

இனி அட்டை. முதல் பதிவைப் பார்த்தேன். கூம்பாக நின்ற அந்தக் குவியலைப் பத்து நிமிடம் பார்த்தேன். அது என்ன மீன் என்று எனக்குத் தெரியவில்லை, கெல். நீ எழுதியிருக்காவிட்டால் தெரிந்திருக்காது. நான் முழித்தேன். அவள் விரும்பியபடியே.

நிறுத்திவிடச் சொன்னாய். நான் நிறுத்தவில்லை.

11.20க்குத் தரைக்கோடு செங்குத்தாக எழுந்து வந்து திரையின் மேல்விளிம்பைத் தொடுகிறது. அதன்பின் படகு பாறையைத் தாண்டி உட்புறப் பள்ளத்தில் விழுந்திருக்கிறது, எட்டு மீட்டர். நீ நங்கூரத்தை இறக்கியிருக்கிறாய். அதன் சாய்கோடு தெரிகிறது. பேட்டரி சுக்கான் அறையின் மேல்தட்டில் இருந்ததால், படகு அமிழ்ந்துகொண்டிருந்த நாற்பத்தொரு நிமிடமும் கருவி தட்டிக்கொண்டே இருந்தது. நின்றுவிட்ட படகின் அடியில் கடல்தரை ஒரே நேர்கோடாக ஓடுகிறது. அந்த நேர்கோட்டை நோக்கி மேலிருந்து ஒரு கோடு இறங்குகிறது, தரையைத் தொடுகிறது, மேலேறுகிறது. மீண்டும் இறங்குகிறது.

மீனின் வயிற்றில் உள்ள காற்றுப்பையைத்தான் சோனார் காண்கிறது. மனிதனின் நுரையீரலையும் அப்படித்தான். அந்தக் கோடுகள் நீ.

எண்ணினேன். அதைச் செய்யும் தகுதி எனக்கு இருக்கிறது என்று ஒருமுறை எழுதியிருந்தேன் அல்லவா. பதினேழு. ஐம்பத்திரண்டு வயதில், பனி உருகிய நீர் போன்ற அந்தக் கடலில், எட்டு மீட்டருக்குப் பதினேழு தடவை. ஒன்பதாவதுக்குப் பிறகு நீ காதில் ஏறும் நீரழுத்தத்தைச் சரிசெய்யக்கூட நிற்கவில்லை; கோட்டில் அந்தத் தயக்கம் இல்லை. உன் இடது செவிப்பறை அன்றே கிழிந்திருக்க வேண்டும். கல்லறையருகே நான் உன் இடப்பக்கம் நின்று கேட்டேன். உனக்குக் கேட்கவில்லை. ஏழாம் எண்ணுக்கு நீ பதில் எழுதாததும் அதனால்தான். சொல்லியிருந்தால் எத்தனை தடவை மூழ்கினாய் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

பதினாறு தடவையும் நீ ஏழெட்டு நொடியில் மேலே வந்திருக்கிறாய். பதினேழாவது மட்டும் தரையில் வெகுநேரம் நிற்கிறது. பிறகு இருபத்திரண்டு நொடி எடுத்து மெல்ல ஏறுகிறது. இறங்கியது ஒரு கோடு. ஏறியதும் ஒரே கோடுதான். நீங்கள் இருவராக வந்தீர்கள். கருவி காற்றை மட்டுமே காணும். அவளிடம் காற்று இல்லை.

விசாரணை நீதிபதிக்கு எழுதி உறையிலிட்டிருந்த கடிதத்தைக் கிழித்துவிட்டேன். வேறொன்று எழுதி, அட்டையின் நகலையும், மூன்றாம் பக்கத்தின் விவரத்தையும், அதை மாற்றியவனின் பெயரையும் சேர்த்து இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பினேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன் என்றாய். உனக்கு அந்தத் தேவை இல்லாமல் செய்துவிட்டேன். கழிக்கத் தெரியாத முட்டாள் என்று நீ உன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஆகஸ்ட் 22 அன்று உன் வலப்பக்கம் உட்காருவேன், நீ அனுமதித்தால்.

என்னிடம் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இதற்கு நீ ஒருவன்தான் பதில் சொல்ல முடியும். எந்தப் பதிவிலும் அது இல்லை. உன்னை எனக்கு ஐம்பத்திரண்டு ஆண்டுகளாகத் தெரியும். நீ எந்த இடத்திலும் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் அல்ல. இருபத்திரண்டு நொடிக்குப் பிறகு மேலே வந்து, அவளைக் கையில் வைத்துக்கொண்டு, நீ அவளிடம் ஏதோ பேசியிருப்பாய்.

என்ன சொன்னாய்?

ஒரு வார்த்தைகூட விடாமல், எழுத்தில், ஜூலை 31 மாலை ஐந்து மணிக்குள் எனக்கு வேண்டும்.

வாஸா